குறைமாதக் குழந்தைக்கு சி.எம்.வி. பாசிட்டிவ், கண்ணில் ஆர்.ஓ.பி. ஸ்டேஜ் 2: தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?

நாகலூர் அம்மா (ஞாயிறு, இரவு 10.20)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு ஏற்காட்டில் நாகலூர் பக்கம், வீட்டுக்காரருக்கு காபி எஸ்டேட்டில் வேலை. பையன் 29 வாரத்தில் பிறந்தான், 1,140 கிராம். பிறந்ததிலிருந்து சேலத்தில் ஒரு மருத்துவமனையின் என்.ஐ.சி.யூ.வில்தான் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கிறான். இப்போது ஆறு வாரம் முடிந்துவிட்டது, எடை 1,700-ஐத் தாண்டியாச்சு. மூச்சு மெஷின், ஆக்சிஜன் எல்லாம் எடுத்துவிட்டார்கள். பாலை எடுத்துப் பாலாடையில் கொடுக்கிறேன்.

போன வாரம் திடீரென்று பிளேட்லெட் குறைந்தது, வயிறு கொஞ்சம் உப்பியது. கிருமித் தொற்று என்று ஆன்டிபயாடிக் போட்டார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் சிறுநீரில் சி.எம்.வி. என்று ஒரு வைரஸ் டெஸ்ட் எடுத்தார்கள், அது பாசிட்டிவ். அதே வாரம் கண் டாக்டர் பார்த்துவிட்டு, முதல் தடவை ஸ்டேஜ் 1 ஆக இருந்த ஆர்.ஓ.பி. (குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய்) இப்போது ஸ்டேஜ் 2, அடுத்த வாரம் மறுபடி பார்க்கணும் என்றார்.

சின்ன டாக்டர் ஒருவர் போகிற போக்கில் "இந்த வைரஸ் அம்மா பாலிலிருந்துகூட வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் என் மாமியார் நின்றிருந்தார். அன்றிலிருந்து "உன் பாலால்தான் பிள்ளைக்குக் கண் போகுது, பவுடர் பால் வாங்கிக் கொடு" என்று ஒரே பேச்சு. என் பாலால்தானா? நிறுத்தணுமா? கண்ணுக்கும் இந்த வைரஸுக்கும் சம்பந்தம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தூக்கமே இல்லை.

செவ்வாய்ப்பேட்டை செல்வி (ஞாயிறு, இரவு 10.41)

தங்கச்சி, பாலை நிறுத்தாதே. இன்றைக்கு ராத்திரி யார் சொன்னாலும் நிறுத்தாதே. காலையில் ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டரிடம் நேராகக் கேள். என் பொண்ணும் 28 வாரத்துக் குழந்தைதான், ரெண்டு கண்ணுக்கும் லேசர் ஆச்சு. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்கூல் போகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். வைரஸ் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வருவார்கள்.

குகை குமரேசன் (ஞாயிறு, இரவு 11.05)

வீட்டில் பூனை இருக்கிறதா? கர்ப்பத்தில் பூனை பக்கத்தில் இருந்தால் கண் வைரஸ் வரும் என்று படித்திருக்கிறேன். எங்கள் பாட்டி காலத்தில் கண் சிவந்தால் அதே தாய்ப்பாலை ரெண்டு சொட்டு கண்ணில் விடுவார்கள், சரியாகிவிடும்.

கோரிமேடு செவிலி (திங்கள், காலை 6.15)

இரவுப் பணி முடித்து வந்து இதைப் பார்க்கிறேன். பச்சிளங்குழந்தைப் பிரிவில் நெடுநாளாக வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன், உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

முதலில் குமரேசன் அண்ணனுக்கு. பூனையால் வருவது டாக்ஸோபிளாஸ்மா. அது வைரஸே இல்லை, ஒட்டுண்ணி. அதுவும் விழித்திரையைப் பாதிக்கும் என்பது உண்மைதான், ஆனால் இங்கே பேசுவது வேறு. கண்ணில் பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, மை வைப்பது எதுவுமே வேண்டாம். குறைமாதக் குழந்தைக்குச் சாதாரண பாக்டீரியாவே போதும், கண்ணைப் புண்ணாக்க. போதாததற்கு ஆர்.ஓ.பி. கண்ணின் பின்பக்கம் விழித்திரையில் நடக்கிற விஷயம். மேலே எதை ஊற்றினாலும் அங்கே போகாது.

இப்போது நாகலூர் தங்கச்சிக்கு. சி.எம்.வி. அரிய வைரஸ் இல்லைம்மா. நம் ஊரில் பெரியவர்கள் பத்துப் பேரை டெஸ்ட் செய்தால் ஒன்பது பேருக்கு மேல் எப்போதோ வந்து போயிருக்கும். சின்ன வயதில் சாதாரணக் காய்ச்சல் மாதிரி வந்து, உடம்பிலேயே அடங்கிக் கிடக்கும். உங்கள் மாமியாருக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு பால் சுரக்கும்போது, மார்பிலேயே அந்த வைரஸ் கொஞ்சம் விழித்துக்கொள்ளும். சீம்பாலில் குறைவு. பிரசவமாகி நாலிலிருந்து எட்டு வாரத்துக்குள் பாலில் அதிகமாக வரும், மூன்று மாதத்தை ஒட்டி அடங்கிவிடும். உங்கள் பையன் கணக்கு இதோடு ஒத்துப்போகிறது. இதில் நீங்கள் செய்தது, செய்யாமல் விட்டது என்று எதுவுமில்லை.

நிறைமாதக் குழந்தைக்கு இது ஒன்றும் செய்யாது. கடைசி மூன்று மாதத்தில் தாயிடமிருந்து நோய் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடும். 29 வாரத்தில் பிறந்தவனுக்கு அந்தச் சேமிப்பு முழுசாகக் கிடைக்கவில்லை. அதனால் சில குழந்தைகளுக்குப் பிளேட்லெட் குறையும், வெள்ளையணு குறையும், வயிறு உப்பும், கல்லீரல் டெஸ்ட் ஏறும், மூச்சு நிற்பது கூடும். பார்க்க செப்சிஸ் (ரத்தத்தில் கிருமித் தொற்று) மாதிரியே இருக்கும், கல்ச்சர் எடுத்தால் ஒன்றும் வளராது. நீங்கள் சொன்னது அப்படியே இதுதான். பெரும்பாலான குழந்தைகள் தானாகவே தேறிவிடுகிறார்கள். 32 வாரத்துக்கும் 1,500 கிராமுக்கும் கீழே பிறந்தவர்களிடம்தான் கூடுதல் கவனம்.

பாலை நிறுத்தலாமா என்பதற்கு என் பதில்: வைரஸ் ஏற்கெனவே பிள்ளை உடம்பில் வந்தாச்சு. இப்போது நிறுத்தி எதைத் தடுக்கப் போகிறோம்? அந்த வைரஸை எதிர்க்கிற சத்தும் அதே பாலில்தான் வருகிறது. பவுடர் பாலுக்கு மாறினால் குடல் அழுகும் நோய் வரும் வாய்ப்பு கூடும், அது குறைமாதக் குழந்தையின் உயிரைக் குடிக்கிற நோய். தாய்ப்பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆர்.ஓ.பி. முற்றுவது குறைகிறது என்றுதான் பல ஆய்வுகளும் காட்டுகின்றன. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

உறைய வைத்த பாலில் வைரஸ் குறையும், முழுசாகப் போகாது. பால் வங்கியில் 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்குவார்கள், அதில் வைரஸ் செத்துவிடும், ஆனால் பாலின் எதிர்ப்புச் சத்தில் ஒரு பகுதியும் போய்விடும். வெளிநாடுகளில் சில இடங்களில் ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்குத் தொற்று வரும் முன்பு அப்படிக் கொடுக்கிறார்கள். உங்கள் நிலைமையில் அதற்கு வேலையில்லை. வீட்டு அடுப்பில் பாலைக் காய்ச்சிக் கொடுக்கும் யோசனை யாராவது சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள்.

அஸ்தம்பட்டி அப்பா (திங்கள், காலை 8.02)

செவிலி அக்கா, ஒரு சந்தேகம். எங்களுக்கு டார்ச் டெஸ்ட் (தாயிடமிருந்து குழந்தைக்கு வரக்கூடிய தொற்றுகளைப் பார்ப்பது) என்று ஒரு பெரிய பில் போட்டார்கள். அம்மாவுக்கு சி.எம்.வி. ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று வந்ததும் வீடே அழுதது. இந்த அம்மாவும் எடுக்கணுமா?

கோரிமேடு செவிலி (திங்கள், காலை 8.30)

ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்து போயிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். நம் ஊரில் அது பாசிட்டிவாக வராவிட்டால்தான் ஆச்சரியப்பட வேண்டும். இப்போது அதை எடுத்துப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை, காசு மிச்சம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று. குழந்தைக்கு வைரஸ் வயிற்றிலேயே வந்ததா, பிறந்த பிறகு பாலில் வந்ததா? பிறந்து மூன்று வாரத்துக்குள் எடுத்த சிறுநீரிலோ எச்சிலிலோ இருந்தால் வயிற்றிலேயே வந்தது. அதற்குப் பிறகு எடுத்தால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. பிறந்தபோது குதிகாலில் குத்தி ரத்தத்தைத் தாளில் ஒற்றி வைத்திருந்தால் அதிலிருந்து பார்க்க வழி உண்டு. ஆனால் அதில் நெகட்டிவ் வந்தாலும் முழு உறுதி கிடையாது. அதனால் டாக்டர்கள் மற்ற அடையாளங்களைப் பார்ப்பார்கள்: பிறக்கும்போதே தலை சிறியதாக இருந்ததா, பிளேட்லெட் அன்றைக்கே குறைவா, தலை ஸ்கேனில் சுண்ணாம்புப் படிவு இருக்கிறதா, காது எப்படி, விழித்திரையில் பழைய தழும்பு இருக்கிறதா.

ஏன் பிரிக்கிறோம் என்றால், வயிற்றிலேயே வந்த சி.எம்.வி.தான் காதையும் மூளையையும் கண்ணையும் நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது. பரம்பரையாக இல்லாமல் வரும் காது கேளாமைக்கு முதல் காரணம் அதுதான். அறிகுறி இருந்தால் வால்கான்சைக்ளோவிர் என்ற மருந்தை ஆறு மாதம் கொடுப்பார்கள். வெள்ளையணுவைக் குறைத்துவிடும் மருந்து அது, அடிக்கடி ரத்தம் பார்க்கணும். பாலில் வந்ததற்கு, குழந்தை ரொம்பச் சீரியஸாக இருந்தால் தவிர, வழக்கமாக மருந்து தேவைப்படாது. பிறகு காதும் கண்ணும் கெட்டுப்போவதும் அபூர்வம். எப்படி இருந்தாலும் பெரா என்கிற காது டெஸ்ட்டை எடுத்துவிடுங்கள், சில பிள்ளைகளுக்குக் காது தாமதமாகக் குறையும்.

கண்ணாடிக்காரன் (திங்கள், மதியம் 1.10)

நான் டாக்டர் இல்லை, கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வை பரிசோதகர்). குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் படமெடுக்கும் கேமராவோடு கொஞ்ச காலம் கிராமம் கிராமமாகச் சுற்றியிருக்கிறேன். வைரஸைச் செவிலி அக்கா பார்த்துக்கொண்டார், நான் கண்ணை எடுத்துக்கொள்கிறேன்.

விழித்திரையின் ரத்தக்குழாய்கள் கருவில் 16-வது வாரத்தில் பார்வை நரம்பிலிருந்து கிளம்பி ஓரத்தை நோக்கி வளரும். மூக்குப் பக்கம் 36 வாரத்திலும் காதுப் பக்கம் 40 வாரத்தை ஒட்டியும் போய்ச் சேரும். 29 வாரத்தில் குழந்தை வெளியே வந்தால், பாதி மலையில் ரோடு வேலை நின்றுபோன மாதிரி. வெளிக்காற்றில் இருப்பதும், அதற்கு மேல் கொடுக்கிற ஆக்சிஜனும், கருவுக்குப் பழக்கமில்லாத அளவு. குழாய் வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். பிறகு விழித்திரை வளர வளர, குழாய் எட்டாத ஓரம் ஆக்சிஜன் கேட்டுத் தவிக்கும். வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரக்கும். அதன் உத்தரவில் குழாய்கள் ஒழுங்கில்லாமல் கண்ணின் உள்ளே முளைத்து, ரத்தம் கசிந்து, தழும்பாகி, விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடும். இந்த இரண்டாவது கட்டம் பெரும்பாலும் கருவயது (வயிற்றில் இருந்த வாரத்தோடு பிறந்த பிறகான வாரத்தையும் கூட்டியது) 32 வாரத்துக்கு மேல் தொடங்கும். உங்கள் பையன் இப்போது 35 வாரம், அதன் நடுவில் இருக்கிறான்.

வைரஸுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பிரித்துப் பார்க்கணும். சி.எம்.வி. தானே விழித்திரையைத் தாக்கினால் அது ரெட்டினைடிஸ். ரத்தக்குழாய் ஓரமாக வெள்ளைத் திட்டும் ரத்தக்கசிவும் தெரியும், ஆறியிருந்தால் கருப்பும் வெள்ளையுமாகத் தழும்பு தெரியும். ஆர்.ஓ.பி. அப்படி இருக்காது. குழாய் உள்ள பகுதிக்கும் இல்லாத பகுதிக்கும் நடுவே எல்லை போட்ட மாதிரி தெரியும்: மெல்லிய கோடாக இருந்தால் ஸ்டேஜ் 1, மேடு தட்டினால் ஸ்டேஜ் 2, மேட்டிலிருந்து குழாய் முளைத்தால் ஸ்டேஜ் 3. அப்புறம் விழித்திரை கொஞ்சம் பிரிந்தால் 4, முழுசாகப் பிரிந்தால் 5. ஒரே பரிசோதனையில் இரண்டையும் பார்த்துவிடலாம். பழகிய கண்ணுக்குக் குழப்பம் வராது. அடுத்த வாரம் போகும்போது "சிறுநீரில் சி.எம்.வி. வந்திருக்கிறது, விழித்திரையில் அதற்கான அடையாளம் உண்டா" என்று கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கண் டாக்டருக்கு அந்த ரிசல்ட் இன்னும் போயிருக்காது. இரண்டு டிபார்ட்மென்ட்டுக்கும் நடுவில் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எப்போதும் அம்மாதான்.

வைரஸ் வந்த குழந்தைகளுக்கு ஆர்.ஓ.பி. கூடுதலாக இருக்கிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, சிலவற்றில் அப்படித் தெரியவில்லை. என் கருத்து: எந்தத் தொற்று வந்தாலும் குழந்தை தளர்ந்துவிடும், ஆக்சிஜன் ஏறி இறங்கும், ரத்தம் ஏற்றுவார்கள், எடை ஏறாது. இவை ஒவ்வொன்றுமே ஆர்.ஓ.பி.யைத் தூண்டும். ஆக, வைரஸ் கண்ணுக்குள் போகாமலே கண்ணைக் கெடுக்க வழி இருக்கிறது. அதனால் தொற்று வந்த வாரத்தில் கண் பரிசோதனை நாளை ஒருநாளும் தள்ளாதீர்கள். பாலைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் அந்தத் தேதியைப் பற்றிக் கவலைப்படுங்கள் என்பேன்.

இன்னொன்று: சீட்டில் ஸ்டேஜ் மட்டும் பார்க்காதீர்கள். ஸோன் எது, பிளஸ் உண்டா என்று பாருங்கள். ஸோன் 1 என்றால் நடுப்பகுதி, ஆபத்து அதிகம். பிளஸ் என்றால் குழாய்கள் வீங்கி நெளிந்திருக்கின்றன. ஸோன் 2-ல் ஸ்டேஜ் 2 பிளஸ் இல்லாமல் இருந்தால் காத்திருந்து பார்ப்பார்கள். பிளஸ் சேர்ந்துவிட்டால் லேசர் அல்லது கண்ணுக்குள் போடும் ஊசி, அதுவும் 48 முதல் 72 மணி நேரத்துக்குள்.

வாழப்பாடி வாசு (திங்கள், மாலை 5.48)

எல்லோரும் ஆஸ்பத்திரியைத் தப்ப விடுகிறீர்கள். ஆக்சிஜனை அளவில்லாமல் கொடுத்துக் கண்ணைக் கெடுத்துவிட்டு, இப்போது வைரஸ், தாய்ப்பால் என்று பழியைத் திருப்புகிறார்கள். சுப்ரீம் கோர்ட்டிலேயே கோடிக்கணக்கில் நஷ்ட ஈடு கொடுத்திருக்கிறார்கள். பேப்பர் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் சகோதரி.

கண்ணாடிக்காரன் (திங்கள், இரவு 7.20)

வாசு சார், பேப்பர் வாங்கி வைப்பது நல்லதுதான். மற்றது அப்படியில்லை.

நீங்கள் சொல்லும் வழக்கு எனக்கும் தெரியும். 1996-ல் சென்னையில் 29 வாரத்தில் 1,250 கிராமோடு பிறந்த பெண் குழந்தை. 2015 ஜூலையில் தீர்ப்பு, மொத்தம் சுமார் 1.8 கோடி ரூபாய். ஆனால் அங்கே கோர்ட் பிடித்த குறை, ஆர்.ஓ.பி. வரலாம் என்று பெற்றோருக்குச் சொல்லவில்லை, கண்ணைப் பரிசோதிக்கவில்லை என்பது. இந்தக் குழந்தைக்கு இரண்டு தடவை பார்த்திருக்கிறார்கள், ஸ்டேஜ் மாறியதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு எதற்காகச் சண்டை போட்டதோ அது இங்கே நடந்திருக்கிறது.

ஆக்சிஜன் கதையும் அவ்வளவு நேரானது இல்லை. இந்த நோயை 1942-ல் பாஸ்டனில் டெரி என்ற கண் டாக்டர் முதலில் எழுதினார். ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்த பிறகு, 1951-ல் மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் ஆக்சிஜன் மேல் சந்தேகத்தைக் கிளப்பினார். அடுத்த சில வருடங்களில் அமெரிக்காவில் பெரிய ஆய்வு அதை உறுதி செய்தது. உடனே எல்லா இடத்திலும் ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தார்கள். கண் தப்பியது, குழந்தைகள் இறந்தார்கள். இந்த நூற்றாண்டில் மறுபடி அளந்து பார்த்தார்கள்: ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை (சாச்சுரேஷன்) 85-லிருந்து 89 சதவீதத்தில் வைத்தால் ஆர்.ஓ.பி. குறைகிறது, சாவு கூடுகிறது. அதனால்தான் இப்போது பொதுவாக 90-லிருந்து 95 வரை வைக்கச் சொல்கிறார்கள். அந்தச் சின்ன இடைவெளிக்குள் ராத்திரி பகலாகப் பிடித்து வைப்பது நர்ஸ்களின் வேலை. மானிட்டர் கத்தும்போதெல்லாம் அவர்கள் ஓடுவது அதற்காகத்தான்.

மட்டுறுத்துநர் (திங்கள், இரவு 8.00)

மருத்துவமனை, டாக்டர் பெயர்களைக் குறிப்பிட்டுக் குறை சொல்ல வேண்டாம். வழக்குப் பேச்சை இதோடு விடுவோம்.

அம்மாபேட்டை பெரியம்மா (திங்கள், இரவு 9.15)

எங்கள் தெருவில் ஒரு பையன் பிறவியிலேயே ரெண்டு கண்ணிலும் புரை. அம்மாவுக்குக் கர்ப்பத்தில் மேலெல்லாம் சிவப்பாகத் தடித்துக் காய்ச்சல் வந்தது, ரூபெல்லா என்றார்கள். அதுவும் வைரஸ்தானே, இந்த மாதிரியா?

கோரிமேடு செவிலி (திங்கள், இரவு 9.50)

வைரஸ்தான் பெரியம்மா, வழி வேறு. ரூபெல்லா கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் வந்தால் கண்புரை, இதயத்தில் ஓட்டை, காது கேளாமை என்று மூன்றும் சேர்ந்து வரலாம். 1941-லேயே சிட்னியில் கிரெக் என்ற கண் டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதத்திலிருந்து 15 வயது வரை எல்லாருக்கும் பள்ளிக்கூடத்திலேயே போட்டார்களே, அதுதான். வாட்ஸ்அப் வதந்தியை நம்பி அன்றைக்குப் பிள்ளையை லீவு போட வைத்தவர்களும் இருந்தார்கள். சி.எம்.வி.க்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை.

நாகலூர் அம்மா (செவ்வாய், மதியம் 3.30)

எல்லோருக்கும் நன்றி. காலையில் பெரிய டாக்டரிடம் கேட்டேன். பாலை நிறுத்த வேண்டாம் என்று மாமியார் முன்னாலேயே சொல்லிவிட்டார். தலை ஸ்கேன் சரியாக இருக்கிறதாம், பிறந்த அன்றைக்குப் பிளேட்லெட்டும் சரியாக இருந்ததாம், அதனால் பாலில் வந்ததாகத்தான் இருக்கும் என்றார். பிளேட்லெட் இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது. மருந்து ஒன்றும் இல்லை. மாமியார் பேசவில்லை, ஆனால் சாயங்காலம் பூண்டுக் குழம்பு வைத்து அனுப்பியிருக்கிறார்.

இப்போது அடுத்த கவலை. எடை 1,800 ஆனதும் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்கிறார்கள். நாகலூரிலிருந்து வாரா வாரம் கண் பார்க்கக் கீழே வரணும். பஸ்ஸில் கொண்டுவரலாமா? இருபது கொண்டை ஊசி வளைவில் இந்தச் சின்ன உயிர் தாங்குமா? இன்னொன்றும் கேட்கிறேன், சிரிக்காதீர்கள். மலை மேலே காற்றில் ஆக்சிஜன் கம்மி என்கிறார்கள். கண்ணுக்கு அது நல்லதா கெட்டதா?

செவ்வாய்ப்பேட்டை செல்வி (செவ்வாய், மாலை 4.05)

பூண்டுக் குழம்பு வந்துவிட்டதா, அப்போ பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

தங்கச்சி, முடிந்தால் விழித்திரை முழுசாக வளர்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை கீழேயே தங்கிவிடு. சொந்தக்காரர் வீடு, ஒற்றை ரூம், எதுவானாலும். எனக்கு மலைப்பாதை இல்லை, இருந்தும் ஒவ்வொரு வாரமும் "குழந்தைக்குச் சளி, அடுத்த வாரம் போகலாம்", "அமாவாசை, வெளியே எடுக்காதே", "மூன்று மாதம் முடியட்டும்" என்று வீட்டில் ஒரு காரணம் வரும். லேசர் தேவைப்பட்ட வாரத்தில் நாத்தனார் வளைகாப்பு. போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்கும். குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், எடை போடும், கண் தெளிவாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கருவிழி நடுவில் வெள்ளையாகத் தெரிகிறது என்று நாம் கண்டுபிடிக்கும்போது காலம் கடந்துபோயிருக்கும்.

கோரிமேடு செவிலி (செவ்வாய், மாலை 6.30)

சிரிக்க என்ன இருக்கிறது, நல்ல கேள்வி. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. நுரையீரல் தேறிய குழந்தைக்கு அது பிரச்சினை இல்லை. ரொம்ப நாள் வென்டிலேட்டரில் இருந்து நுரையீரல் தடித்த குழந்தை, வீட்டிலும் ஆக்சிஜன் தேவைப்படும் குழந்தை என்றால் மலைக்கு அனுப்ப யோசிப்பார்கள். டிஸ்சார்ஜுக்கு முன் தூங்கும்போதும் பால் குடிக்கும்போதும் சாச்சுரேஷன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, "எங்கள் வீடு மலை மேல்" என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் சேலம் மாவட்டம் என்று மட்டும் எழுதியிருந்தால் டாக்டருக்கு உங்கள் வீடு அஸ்தம்பட்டியா, நாகலூரா என்று எப்படித் தெரியும்? ஆர்.ஓ.பி.க்கு மலைக்காற்று மருந்தும் இல்லை, விஷமும் இல்லை.

குளிர்தான் பெரிய விஷயம். குளிரில் குழந்தை சூட்டுக்காகவே தெம்பைச் செலவழிக்கும், எடை ஏறாது. எடை ஏறாத குழந்தைக்கு ஆர்.ஓ.பி. மோசமாகும். மார்போடு ஒட்டிக் கட்டி வைக்கும் கங்காரு முறையை வீட்டிலும் தொடருங்கள், அப்பாவும் செய்யலாம். கீழே வரும்போதும் அப்படியே கட்டிக்கொண்டு வாருங்கள், குழந்தை சூடாகவும் இருக்கும், வளைவில் ஆட்டமும் குறையும். பஸ் வேண்டாம், கூட்டம். எஸ்டேட் ஜீப்போ கால்டாக்சியோ நல்லது.

உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் இன்றைக்கே நம்பர் கொடுத்துச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான அரசின் ஆர்.பி.எஸ்.கே. பரிசோதனைத் திட்டத்தில் ஆர்.ஓ.பி.யும் சேர்ந்தது. பரிசோதனைக்கும் லேசருக்கும் பணம் இல்லையே என்று நாள் தள்ள வேண்டியதில்லை, அரசு மருத்துவக் கல்லூரியில் உள்ள மாவட்ட மையத்தில் கேளுங்கள்.

அஸ்தம்பட்டி அப்பா (செவ்வாய், இரவு 8.40)

மழைக்காலத்தையும் கணக்கில் வையுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். குப்பனூர் வழி ஒன்று இருக்கிறது, ஆனால் பெருமழையில் அதையும் நம்ப முடியாது. மழை எச்சரிக்கை வந்தால் பரிசோதனைக்கு முந்தின நாளே இறங்கிவிடுங்கள். செல்வி அக்கா சொன்ன மாதிரி கீழேயே தங்குவது உத்தமம். எங்கள் மாடியில் ஒரு ரூம் காலியாகத்தான் இருக்கிறது. தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், என் வீட்டுக்காரம்மா பேசுவார்.

நாகலூர் அம்மா (வெள்ளி, மாலை 6.10)

இன்றைக்குக் கண் பார்த்தார்கள். சி.எம்.வி. ரிசல்ட்டை நானே கையில் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் சொட்டு மருந்து விட்டுவிட்டு ரொம்ப நேரம் உட்கார வைத்தார்கள். கிளிப் போட்டுக் கண்ணைத் திறந்தபோது பார்க்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தார்கள்.

ஸோன் 2, ஸ்டேஜ் 2, பிளஸ் இல்லை. வைரஸ் தழும்பு, வெள்ளைத் திட்டு எதுவும் இல்லை என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த வெள்ளி மறுபடி. லேசர் வேண்டியிருக்குமா என்று கேட்டேன், இப்போது சொல்ல முடியாது, வந்துகொண்டே இருங்கள் என்றார். அஸ்தம்பட்டி அண்ணன் வீட்டு மாடிக்கு நாளை சாமான் கொண்டுவருகிறோம்.

கண்ணாடிக்காரன் (வெள்ளி, இரவு 7.00)

நல்ல செய்தி. மேடு தானாகக் கரைந்து குழாய் ஓரம்வரை போய்ச் சேர நிறைய வாய்ப்பு இருக்கிறது, பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படித்தான் ஆகும். கருவயது 40 வாரம் தாண்டியும் சில நேரம் பார்க்க வேண்டியிருக்கும், அலுத்துப்போகாதீர்கள். ஒருவேளை லேசருக்குப் பதில் ஊசி போட்டால், அதற்குப் பிறகு இன்னும் அதிக நாள் பார்க்கணும், நோய் தாமதமாகத் திரும்பி வரலாம். எல்லாம் முடிந்த பிறகும் கிட்டப்பார்வை, மாறுகண் வரலாம், பள்ளி சேரும்வரை வருடா வருடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

ஓமலூர் புது அப்பா (வெள்ளி, இரவு 9.32)

இந்த இழையை இப்போதுதான் படித்தேன். எங்கள் பாப்பா 33 வாரம், 1,850 கிராம். பத்து நாள் ஐ.சி.யூ., அதில் கொஞ்ச நாள் ஆக்சிஜன். வீட்டுக்கு வந்தாச்சு, நன்றாக இருக்கிறாள். டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பற்றி ஒரு வரியும் இல்லை. இவளுக்கும் பார்க்கணுமா? ஞாயிற்றுக்கிழமையோடு 28 நாள் முடிகிறது.

கண்ணாடிக்காரன் (வெள்ளி, இரவு 9.40)

கண்டிப்பாகப் பார்க்கணும். நம் நாட்டில் 34 வாரத்துக்குக் கீழேயோ 2,000 கிராமுக்குக் கீழேயோ பிறந்த எல்லாக் குழந்தைக்கும் 30 நாளுக்குள் முதல் பரிசோதனை. 28 வாரத்துக்கோ 1,200 கிராமுக்கோ கீழே என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. வெளிநாட்டு வெப்சைட்டில் 1,500 கிராம் என்று போட்டிருப்பதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள், இங்கே பெரிய குழந்தைகளுக்கும் வருகிறது.

நாளை சனிக்கிழமை. காலையிலேயே போன் செய்து "ஆர்.ஓ.பி. பரிசோதிக்கும் டாக்டர் இன்றைக்கு இருக்கிறாரா" என்று கேட்டுவிட்டுப் போங்கள், எல்லாக் கண் டாக்டரும் இதைப் பார்க்க மாட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, பிறந்த எடை, எத்தனை நாள் ஆக்சிஜன், ரத்தம் ஏற்றினார்களா, தொற்று இருந்ததா, எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்னால் பால் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள், வாந்தி எடுக்கும். துணிக்கு மேல் இன்னொரு துணி, தலைக்குக் குல்லா.